ஆணி அடிக்காத அறை

இந்தக் காலத்தில் யாரும் எதையும் அளப்பதில்லை. கட்டில் வாங்குகிறான், வாசலில் நுழையவில்லை. பீரோ வாங்குகிறான், மாடிப்படியில் திரும்பவில்லை. ஃபோனில் படத்தைப் பார்த்து விரலால் ஒரு தட்டு, மூன்றாம் நாள் சாமான் வந்து இறங்கிவிடுகிறது. இறங்கிய பிறகு தெருவைக் கூப்பிட்டு இதை எங்கே வைப்பது என்று கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் கேட்டால் கௌரவம் குறைந்துவிடும்போல.

பக்கத்து வீட்டு மாப்பிள்ளை இனியவனும் அப்படித்தான் வாங்கினான். இங்கேயே ஊரோரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பகலெல்லாம் நூல் பிசகாமல் இரும்பு வெட்டுகிறவன். பெண்டாட்டியின் புத்தகங்களுக்கு ஆறடி உயர அலமாரி இரண்டு வரவழைத்தான். அவை நிற்கப்போகிற அறையை அவன் ஒரு தரமும் அளக்கவில்லை.

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் அந்த மாடியறை மாதிரி இன்னொன்று கிடையாது. அந்த வீடு முன்பு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய் ஒருவருடையது. பிரெஞ்சு தேசத்தில் பார்த்தது போலவே வேண்டும் என்று மொட்டை மாடியில் கூடாரம் மாதிரி ஓட்டுக் கூரை எழுப்பி, உள்பக்கம் ஓடு தாங்கும் கைமரங்களோடு பலகை அடித்து வெள்ளைப் பெயின்ட் பூசினார். அங்கே பனி வழிந்து இறங்கச் சரிவு வைப்பார்களாம். இங்கே என்ன வழிகிறது? நடுவில் நின்றால் ஒன்பது அடி உயரம். இரண்டு பக்கமும் சரிந்து சரிந்து சுவரைத் தொடும் இடத்தில் நாலடிதான். மற்ற இரண்டு சுவர்களில் ஒன்றில் கதவு, ஒன்றில் பெரிய ஜன்னல். புதிதாக வருகிறவன் எவனும் அங்கே தலையில் இடித்துக்கொள்ளாமல் போனதில்லை.

சொல்தா குடும்பம் அந்த ஊருக்கே போய்விட, ராஜாங்கம் வீட்டை வாங்கினான். அவனும் நானும் ஒரே மில்லில் ஒரே ஷிப்டு. நான் ஃபிட்டர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ராஜாங்கம் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவன் பெண்டாட்டி மணியம்மாள் என்னை அண்ணே என்பாள். ஒரே மகள் கவிநிலா, தனியார் பள்ளியில் பிரெஞ்சு டீச்சர், என்னைப் பெரியப்பா என்பாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கூடவே முப்பது பெட்டிப் புத்தகம் வந்தது. மேற்படிப்புக்கு ஏதோ எழுதுகிறாளாம். குழந்தை பிறப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். படுக்கை கீழே. படிப்பு மாடியில். வெளிப்படி பதினோரு படி. அவள் ஏறும்போதெல்லாம் மணியம்மாள் கீழே நின்று ஒவ்வொரு படியாக எண்ணுவாள்.

எண்ணுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கவிநிலாவுக்கு வயிற்றுப்பிள்ளை ஒன்று ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அப்போது அவர்கள் ரெட்டியார்பாளையத்தில் வாடகைக்கு இருந்தார்கள். அதே வாரம் சமையலறைக்கு அலமாரி மாட்ட ஒருத்தன் வந்து சுவரெல்லாம் துளை போட்டுவிட்டுப் போனான். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதான். மணியம்மாளுக்கு அது சொல் இல்லை. அவள் கண்ணால் பார்த்தது.

அலமாரி வந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். போனால், அறையில் இரண்டு அலமாரியும் கல்யாண வீட்டில் ஆள் தெரியாமல் நிற்கிறவர்கள் போல நிற்கின்றன. சுவரை ஒட்ட முடியவில்லை. பின் தலை சரிவில் இடித்துவிடுகிறது. சுவருக்கும் அலமாரி முதுகுக்கும் நடுவே மூன்றடி காலி. இனியவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பையும் ஒரு காகிதமும். பையில் எல் கிளாம்பு, ஸ்குரூ, சுவர்த் துளையில் செருகுகிற பிளக். காகிதத்தில் ஒரு படம். அலமாரி சாய்கிறது, கீழே ஒரு ஆள், மேலே குறுக்குக் கோடு.

"சுவத்தோட கட்டாம நிறுத்தக் கூடாதுன்னு போட்ருக்கான் மாமா" என்றான்.

அது விற்கிறவன் பிற்பாடு தப்பித்துக்கொள்ளப் போட்ட படம் என்று சொன்னேன். இந்தக் காலத்துத் தண்ணீர்ப் பாட்டிலில்கூட நாலு எச்சரிக்கை போட்டிருக்கிறான், அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோமா என்று கேட்டேன். அவன் சிரித்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

மணியம்மாள் வாசற்படியில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"புள்ள இருக்குற வீட்டு செவுத்துல ஒரு ஓட்ட விழுந்துது, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். இன்னா மாப்ள, வெளங்குதா?"

"அத்த, ஆணி வேற, பிளக் வேற..."

"எல்லாத்துக்கும் மொன இருக்குதுல்ல?"

அவன் பையின் வாயை முடிந்து ஜன்னலில் வைத்தான். அவனும் அந்த ஐந்தாம் மாதத்தைப் பார்த்தவன்தானே. கவிநிலா நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தவள், மெதுவாக ஒன்று சொன்னாள்.

"பேசாம ரெண்டையும் பாதியா அறுத்துடலாமா பெரியப்பா? கம்பெனிலயே அறுத்துட்டு வந்துடுவாரு. குட்டையா செவுத்தோரமாவே வெச்சிக்கிறேன். குனிஞ்சி எடுத்துக்கிறேன்."

புதுச் சாமானை யாராவது அறுப்பார்களா, வாயும் வயிறுமாக இருக்கிறவள் குனிவதாவது என்று நான் அவள் வாயை அடைத்தேன். ஆணியும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம், நான் நிறுத்திக் காட்டுகிறேன் என்றேன். மில்லில் ஐந்நூறு கிலோ மிஷினை ஆப்பு வைத்து மட்டத்துக்குக் கொண்டுவந்தவன் நான். இது பலகைப் பெட்டி.

வீட்டுக்குப் போய்க் காய்ந்த வேப்பங்கட்டை ஒன்றை எடுத்து நாலு ஆப்பு செதுக்கினேன். பலகைமேல் தட்டித் தட்டிக் கைமரம் ஓடுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அலமாரித் தலைக்கும் சரிவுக்கும் நடுவே ஒவ்வொன்றாக இறுக்கினேன். மணியம்மாள் கீழேயிருந்து, அடிக்கிற சத்தம் கேட்கிறதே என்று குரல் கொடுத்தாள். இது மரத்துக்கும் மரத்துக்கும், சுவருக்கு இதில் சேர்த்தியில்லை என்றேன். பிறகு, சரி மெதுவாக அடியுங்கள் என்று வந்தது. முடித்ததும் அலமாரியைப் பிடித்து ஆட்டினேன். கோயில் தூண் மாதிரி நின்றது. அன்று எனக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சுடுசோறும். பெரிய மார்க்கெட்டில் ஆள் விட்டு வாங்கியதாம். இரண்டாம் தரம் குழம்பு ஊற்றும்போது, படித்தவர்கள் படம் பார்த்துக்கொண்டு இருக்கட்டும், எங்கள் அண்ணன் கை போதும் என்று மாப்பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. தெருவில் கணுக்கால் தண்ணீர். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். என் வீட்டில் உட்கார்ந்து குடைக்கம்பியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்துக்குள்ளே வேறு ஒரு சத்தம் வந்தது. லாரியிலிருந்து மூட்டை சரிகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் மணியம்மாள் குரல். அதில் வார்த்தையே இல்லை.

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. முட்டிவலிக்காரன் நான். கதவைத் தாண்டினேன். அறையில் தரை தெரியவில்லை, புத்தகம்தான் தெரிந்தது. ஒரு அலமாரி முகம் குப்புற விழுந்து, அதன் தலை மேஜை விளிம்பில் மாட்டிக்கொண்டு சாய்வாக நின்றது. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. கவிநிலாவைக் காணவில்லை. அலமாரிக்கு அடியில் நீல நைட்டியின் விளிம்பும் ஒரு பாதமும் தெரிந்தன. பாதம் ரத்தமில்லாமல் வெளுத்திருந்தது. அசையவும் இல்லை.

மணியம்மாள் அலமாரியைத் தூக்குகிறேன் என்று ஒரு பக்கமாகப் பிடித்து இழுக்க, அது மேஜையில் கிறீச்சென்று நகர்ந்தது. நான் அவளைப் பிடித்துத் தள்ளினேன். வாழ்க்கையில் முதல்தடவை அந்தப் பெண்பிள்ளையைத் தொட்டது அன்றைக்குத்தான், அதுவும் தள்ளுவதற்கு. அது மேஜையிலிருந்து நழுவினால் மிச்சமும் போய்விடும். எதிர்வீட்டு ஆட்டோக்காரன் கன்னியப்பன் அதற்குள் ஓடி வந்துவிட்டான். நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். மழையில் ஓடிவந்த கை வழுக்கியது. தூக்கி நிறுத்தி அவன் முதுகு கொடுத்துக்கொள்ள, நான் குனிந்தேன்.

மேஜைக் காலுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தாள். முதுகின் மேலும் தொடையின் மேலும் தடித்தடியான புத்தகங்கள். நெற்றியில் வெட்டு. இரண்டு கையையும் வயிற்றில் கோர்த்து வைத்திருந்தாள். விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

"வயித்துல படல" என்றாள். "வயித்துல படல பெரியப்பா. கைய வெச்சிக்கிட்டேன்."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆட்டோவில் ஏற்றும்வரை சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள், பெற்றவளிடம் இல்லை. ஏதோ நான் கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி.

ஆட்டோவில் மணியம்மாளும் அவளும்தான் போக இடமிருந்தது. நான் இனியவனுக்கு ஃபோன் போடச் சொல்லிவிட்டுத் திரும்ப மாடிக்கு வந்தேன். எதற்கு வந்தேன் என்று இப்போதும் புரியவில்லை. இன்னொரு அலமாரி நின்றுகொண்டிருந்தது. அதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு விரல் அளவுதான். பின்காலுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

கூரையில் ஒரு ஓடு விரிசல். பலகை இடுக்கு வழியே தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, விழுந்த அலமாரி இருந்த இடத்திலும் இதன் மேலிருந்த என் ஆப்பின் தலையிலும் நேராக விழுந்துகொண்டிருந்தது. தொட்டேன். காய்ந்த வேம்பு இல்லை அது. ஊறிப் பருத்திருந்தது. நான் செதுக்கினபோது இருந்ததைவிட நிச்சயமாகத் தடிமன்.

அப்புறம்தான் எனக்கு மண்டையில் இறங்கியது. தட்டையான கூரைக்கு ஆப்பு வைத்தால் கூரை கீழே அமுக்கும். சாமான் அங்கேயே நிற்கும். சரிவு அப்படி இல்லை. கீழேயும் அமுக்கும், அறைப் பக்கமும் தள்ளும். நான் அலமாரியைப் பிடித்து நிறுத்தவில்லை. அதன் பின்மண்டையில் கையை வைத்து, அவள் நாற்காலியைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். மழை என் கைக்குப் பலம் கொடுத்தது. ஐந்நூறு கிலோ மிஷின்களை நான் மட்டம் பார்த்ததெல்லாம் தரையில். தரை சரியாது.

அந்த அலமாரியிலிருந்த புத்தகங்களை வெளியே இறக்கி, ஆப்பை உருவி எடுத்து, அலமாரியைத் தரையில் மல்லாத்திப் படுக்கவைத்தேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மணியம்மாள் ஈரப் புடவையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பார்க்கிறார்கள் என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. எதிரே ஒரு குடும்பம் ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் ஆண்குழந்தை. எங்களுக்கும் ஒரு தம்ளர் நீட்டினார்கள். நான் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். ஆறி ஆடை கட்டும்வரை வைத்திருந்தேன். இனியவன் கையில் மிஷின் எண்ணெயோடு ஓடிவந்தான். வந்தவன் யாரையும் கேட்கவில்லை, கதவையே பார்த்து நின்றான்.

ஒரு நர்சு வெளியே வந்து, குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கிறது, ஆனால் இன்னும் அசைவு சரியாகத் தெரியவில்லை, மூன்று நாள் வைத்திருந்து பார்க்க வேண்டும் என்றாள். கேட்கிறது என்பதற்குச் சந்தோஷப்படுவதா, தெரியவில்லை என்பதற்குப் பயப்படுவதா? மூன்று பேரும் நர்சின் வாயைப் பார்த்தோம். அவள் உள்ளே போய்விட்டாள்.

இனியவனைத் தனியாகக் கூப்பிட்டு, விழுந்தது என் ஆப்பினால் என்று சொன்னேன். சரிவு எப்படித் தள்ளும் என்பதைக் கையால் காட்டினேன். அவன் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான்தான் மாமா அளக்காம வாங்கினேன்" என்றான்.

நான் சொன்னது அவன் காதில் விழவில்லை. இல்லை, விழுந்தும் இப்படிச் சொன்னானா?

மறுநாள் காலை அசைவு வந்துவிட்டது. கவிநிலா விரல் விட்டு எண்ணி நர்சிடம் சொன்னாளாம். மணியம்மாள் வீராம்பட்டினத்து அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

அதற்கு மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து டிரில்லிங் மிஷின் சத்தம் கேட்டது. ஓடினேன். மாடியில் இனியவன் முட்டிபோட்டு உட்கார்ந்து சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கிறான். அலமாரி இரண்டையும் கம்பெனிக்குக் கொண்டுபோய் மூன்றரை அடியாக அறுத்து வந்திருந்தான். சரிவுக்குக் கீழே நாலடிச் சுவரில் முதுகு ஒட்டி அவை அடக்கமாக உட்கார்ந்திருந்தன. முதல் துளையில் பழைய சுண்ணாம்புக் காரை மாவாகக் கொட்டியது. பிளக் நிற்கவில்லை. அவன் அதை விட்டு, தட்டிப் பார்த்துச் செங்கல் கிடைத்த இடத்தில் நீளமான ஸ்குரூவாகப் போட்டான். அலமாரிக்கு இரண்டு கிளாம்பு. கனமான அகராதிகளெல்லாம் அடித்தட்டில். கூரையில் விரிசல் விட்டிருந்த ஓட்டுக்குப் பதில் கன்னியப்பன் வேறு ஓடு போட்டிருந்தான்.

இதெல்லாம் ஒரு பக்கம். மணியம்மாள் வாசற்படியில் நின்று முறத்தில் சுண்ணாம்புத் தூளை அள்ளிக்கொண்டிருந்தாள். அவள்தான். ஒரு ஓட்டை விழுந்தால் வீட்டில் இருக்க மாட்டேன் என்றவள்.

"மணியம்மா, இன்னா இது" என்றேன்.

"இன்னாண்ணே?"

"செவுத்துல ஓட்ட போடறான்."

"புள்ளதான் வீட்டுல இல்லியே. அவ ஆஸ்பத்திரில இருக்கா. வயித்துப் புள்ளக்காரி வாசப்படி தாண்டிட்டா அடிக்கலாம். அதுல ஒண்ணும் தோஷமில்ல."

"அப்போ அன்னிக்கே அவள ஒரு நா வீராம்பட்டினத்துல இருக்குற உங்கக்கா வூட்டுக்கு அனுப்பிட்டு அடிச்சிருக்கலாமா?"

"அடிச்சிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"யாரு கேட்டீங்க? அவரு ஆணி வேறங்கறாரு, பிளக் வேறங்கறாரு. நீங்க ஆணியே வேணாம்னு ஆப்பத் தூக்கினு வந்துட்டீங்க. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதுக்கு மேல எனக்கு இன்னா தெரியும்னு வுட்டுட்டேன்."

சொல்லிவிட்டு முறத்தைத் தட்டிக் கொட்டப் போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்கிற மாதிரி சொன்னாள். ஒரு வார்த்தை. ஒரு நாள் அவளை வீராம்பட்டினம் பஸ் ஏற்றிவிட்டிருந்தால் தீர்ந்தது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. மாப்பிள்ளை, மாமியாருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தான். நான் எவனுக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

நாலாம் நாள் கவிநிலா வீட்டுக்கு வந்தாள். நெற்றியில் மூன்று தையல். முதுகெல்லாம் கன்றிப் போயிருக்கிறது என்று மணியம்மாள் சொன்னாள். மாடிக்குப் போகவேண்டாம் என்றதற்கு, எழுதவேண்டியது பாதியில் நிற்கிறது, படியெல்லாம் மெதுவாக ஏறுகிறேன் என்றாளாம். என்னையும் வரச் சொல்லி ஆள் வந்தது. புது ஏற்பாட்டை நான் ஒருதரம் ஆட்டிப் பார்த்துச் சொன்னால் திருப்தியாக இருக்குமாம். யார் திருப்திக்கு என்று கேட்கவில்லை.

போனேன். அவள் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். மேஜையை எதிர்ப்பக்கம் தள்ளிப் போட்டிருந்தார்கள். அங்கேயே நின்று, படிக்கிற பெண்ணிடம் பேசக் கூச்சப்படுகிறவன் மாதிரி, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். உன்மேல் அதைத் தள்ளியது நான்தான், மழை இல்லை, ஓடு இல்லை என்றேன். நீ சொன்ன மாதிரி அன்றைக்கே அறுத்திருக்கலாம் என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்தபோது தையல் இழுத்தது, கையால் பிடித்துக்கொண்டாள்.

"மேல்தட்டுல இருந்தத நான் எக்கி இழுத்தேன் பெரியப்பா. அதுலதான் சாஞ்சிருக்கும். அத வுடுங்க. யாருக்கும் உங்க மேல கோவமில்ல."

இனியவனும் தலையை ஆட்டினான். கோபமெல்லாம் இல்லை மாமா என்றான். ஆட்டிப் பாருங்கள் என்று அலமாரியைக் காட்டினான்.

நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அலமாரியின் விளிம்பில் கையை வைத்தேன். வைத்த அதே நொடியில் மணியம்மாள் நகர்ந்தாள். சத்தம் இல்லாமல் இரண்டு எட்டு. அலமாரிக்கும் மகளுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டாள். ஒரு கை பின்னால் போய் கவிநிலாவின் தோளைத் தொட்டது. மூன்றரை அடி அலமாரி. அந்தப் பக்கத்துச் சுவரோரம் இருந்தது. விழுந்தால்கூட அவள் கால்விரலைத் தொட்டிருக்காது.

இழுத்தேன். ஆடவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். சுவரே வந்தால் வரும், அது வராது. நன்றாகத்தான் போட்டிருக்கிறான்.

"சரியா இருக்குதா அண்ணே?" என்றாள் மணியம்மாள். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

இருக்கிறது என்றேன்.

"அவ்ளோதான். சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. எங்களுக்கு இன்னா கோவம். இருங்க, சாப்ட்டுப் போலாம்."

வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். மழை விட்டிருந்தது. கோபமில்லை என்று மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் நல்ல ஜனங்கள். நான் நம்பவில்லை. பின்னால் மாடி ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் என் வீட்டைத் தாண்டித் தெருமுனைவரைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.